ரம்பம் விலை போன கதை

"ஏன்டா தம்பி, ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாய்க் கதை எழுதறியே, ஒரு மிஷினை வித்துக் குடுக்க நாலு வரி எழுத வராதா உனக்கு?" என்று என் அக்கா கேட்டாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அந்த ரோசத்தினால் விளைந்ததுதான் இந்தக் கட்டுரை.

மிஷின் என்று அவள் சொன்னது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை. பேராவூரணிக்கு அருகே ஒரு கிராமத்தில் அக்காவுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்று சொல்வதே பொருத்தம். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், அந்தப் பிரதேசம் முழுவதிலும் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. அக்காவின் தோப்பில் 240 மரங்களில் நின்றவை 31. மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, தோப்புக்குள் ஆடுகூட நுழைய முடியாமல் கிடந்தன. அறுத்து அப்புறப்படுத்தினால்தான் புதிய கன்று வைக்கலாம். மரம் அறுக்கிறவர்களுக்கு அந்த மாதங்களில் ஊரில் கிடைத்த மரியாதை, சம்பந்தி வீட்டாருக்குக்கூடக் கிடைத்திராது. அவர்களுக்காகக் காத்திருந்து அலுத்துப்போன என் மருமகன், தாயாரின் வளையல்கள் இரண்டை பாங்கியில் அடகு வைத்து, 36,000 ரூபாய்க்கு ஒரு ஜெர்மன் மிஷினை வாங்கிவிட்டான். சொந்தத் தோப்பை அறுத்தான். அண்டை அயலார் தோப்புகளையும் அறுத்தான். பிறகு சிங்கப்பூருக்குப் போய்விட்டான். மிஷின் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. வளையல்களோ பாங்கியிலேயே இருந்தன. வருஷா வருஷம் வட்டி கட்டி மாற்றி வைத்து, மீட்பதற்கு இன்னும் 18,000 சொச்சம் பாக்கி.

இந்தக் காலத்தில் பழைய சாமானை விற்க எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அதற்கென்றே விளம்பரப் பக்கங்கள் இருக்கின்றன. கைபேசியில் படம் பிடித்து, நாலு வரி எழுதிப் போட்டால் போதும். நான் எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதினேன். "புத்தம் புதிது போன்றது", "அசல் ஜெர்மன் தயாரிப்பு", "அதிகம் உபயோகிக்காதது", "தொட்டவுடன் உயிர்பெறும்" என்றெல்லாம் அலங்காரமாக எழுதி, 25,000 ரூபாய் என்று விலையும் போட்டேன்.

நாலு நாளில் 11 பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் 7,000 தருகிறேன் என்றார். மூன்று பேர் 8,000 என்றார்கள். இன்னொருவர், தம்மிடம் ஒரு பழைய தண்ணீர் மோட்டார் இருப்பதாகவும், மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்றும் கேட்டார். அதிகபட்சக் கேள்வி 9,000. என் எழுத்தை 11 பேர் படித்திருக்கிறார்கள்; ஒருவர்கூட நம்பவில்லை. கதாசிரியனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

மருமகனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அவசரப்படாதீங்க மாமா. ஐப்பசி வரைக்கும் வெச்சிருங்க. ஒரு புயல் வந்தா இதே மிஷின் 30,000-க்குப் போகும்" என்றான். வியாபார சாஸ்திரப்படி அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோடையில் குடை விற்பதும் மழைக் காலத்தில் குடை விற்பதும் ஒன்றல்ல அல்லவா? ஆனால் அருகில் நின்ற அக்கா போனைப் பிடுங்கி, "வாயைக் கழுவுடா!" என்று அவனை அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை.

அந்த மௌனத்தில்தான் நான் சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். கண்ணால் காணாத ஒருவனிடம், அவன் கையால் தொட்டுப் பார்க்காத ஒரு பழைய பொருளை, நல்ல விலைக்கு விற்க மனிதர்கள் எப்போது, எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?

மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அது கடைசிக் காரியம். அதற்கு முன்னால் வாங்குகிறவன் மாட்டின் உதட்டைப் பிரித்துப் பல்லை எண்ணுகிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், திமிலை அமுக்குகிறான். விற்கிறவன் அத்தனை நேரமும் பேசிக்கொண்டே இருப்பான். யாரும் கேட்பதில்லை. சந்தையில் மாட்டின் வாய்க்குத்தான் மதிப்பு, விற்கிறவன் வாய்க்கு அல்ல. என் விளம்பரத்திலோ விற்கிறவன் வாய் மட்டுமே இருந்தது. பல்லைப் பிடித்துப் பார்க்க மாடு இல்லை.

இந்த விஷயத்தைப் பற்றி ஓர் அமெரிக்கர் அருமையாக எழுதியிருக்கிறார். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்று பெயர். அங்கே மட்டமான மோட்டார் காரை 'எலுமிச்சம்பழம்' என்று சொல்லுவார்களாம். நாம் புது வண்டிக்குத் திருஷ்டி கழிக்கச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அவர்களுக்கு வண்டியே எலுமிச்சம்பழம்! 'எலுமிச்சம்பழச் சந்தை' என்ற கட்டுரையை அவர் 1967-ல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, டில்லிக்கு வந்து ஒரு வருஷம் இருந்தார். முதல் நிராகரிப்புக் கடிதம் அவருக்கு இந்தியாவில்தான் வந்து சேர்ந்தது. மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகு, 1970-ல் நாலாவது பத்திரிகை வெளியிட்டது. 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. கதை திரும்பி வந்த துக்கத்தில் இருக்கும் இளம் எழுத்தாளர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அவர் சொல்வது இதுதான். சந்தையில் நல்ல பழைய காரும் உண்டு, மட்டமான பழைய காரும் உண்டு. எது எது என்று விற்கிறவனுக்குத் தெரியும்; வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் இரண்டுக்கும் நடுத்தரமாக ஒரு விலை சொல்லுகிறான். நல்ல கார் வைத்திருப்பவன், 'இந்த விலைக்கு விற்பதைவிட நானே ஓட்டுவேன்' என்று பின்வாங்குகிறான். நல்லவை விலகியதும் சந்தையில் மட்டமானவை பெருகுகின்றன. அதை அறிந்து வாங்குகிறவன் இன்னும் கீழே இறங்குகிறான். கடைசியில் எஞ்சுவது எலுமிச்சம்பழங்கள்தாம். அந்தக் கட்டுரையில் நம் ஊர்ப் பெண்மணி ஒருத்தியும் வருகிறாள்: கடைத்தெருவில் வாங்கிய அரிசியில், வேண்டுமென்றே கலந்த அதே நிறக் கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பத் தலைவி. முறத்தில் கல் பொறுக்கிய கை எத்தனை கோடி! அதிலே ஒரு தத்துவம் இருப்பதைக் கண்டுபிடிக்க ஓர் அமெரிக்கர் வர வேண்டியிருந்தது.

எனக்கு 8,000 சொன்ன மூன்று பேர்மீதும் இருந்த கோபம் இதைப் படித்ததும் போய்விட்டது. அவர்கள் முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். என் அரிசியிலும் கல் இருக்கத்தான் செய்தது. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

பழைய பொருளை நல்ல விலைக்குத் தள்ள ஏலம் போடுவது பழைய உபாயம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெழுகுவத்தி ஏலம் என்று ஒரு முறை இருந்தது. ஓர் அங்குல வத்தியை ஏற்றி வைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுவார்கள். சுடர் அணையும்போது யார் கேள்வி கடைசியோ, அவருக்குச் சாமான். கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பெபிஸ், 1662-ல் பழைய கப்பல்கள் இப்படி ஏலம் போனதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஓர் ஆசாமி மட்டும் ஒவ்வொரு தடவையும் சரியாகக் கடைசி நொடியில் கேட்டானாம். ரகசியம் என்னவென்று பெபிஸ் விசாரித்தார். வத்தி அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும். அதைப் பார்த்துக் கேட்பேன் என்றான் அவன். இன்றைக்கு இணைய ஏலங்களில் கடிகாரத்தைப் பார்த்துக் கடைசி நொடியில் விலை கேட்கும் சூரர்கள் எல்லாரும் இந்த ஆசாமியின் வாரிசுகளே.

ஏலத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வில்லியம் விக்ரி என்ற பேராசிரியர் 1961-ல் அதை விளக்கி எழுதினார். அதிகம் கேட்டவன் எவ்வளவு கொடுக்கிறான் என்பது அவன் ஆசையைப் பொறுத்தது அன்று. அவனுக்கு அடுத்தபடியாகக் கேட்டவன் எங்கே நின்றான் என்பதைப் பொறுத்தது. ஒருவன் 50,000 கொடுக்கத் தயாராக வந்திருக்கலாம். எதிரி 12,000-த்தில் நின்றுவிட்டால் 12,500-க்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். விற்கிறவனுக்கு வேண்டியது ஒரு பெரிய மனுஷன் அல்ல. இரண்டு சாதாரண மனுஷர்கள். இதற்காக விக்ரிக்கு 1996-ல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றாம் நாள் காலமாகிவிட்டார், பாவம்.

கணினி வழியாகப் பழைய சாமான் விற்கும் பெரிய ஏலச் சந்தையைத் தொடங்கியவர் பியர் ஒமிட்யார். பாரிஸில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1995 செப்டம்பரில், 28-வது வயதில் ஆரம்பித்தார். அதுவே பிற்பாடு ஈபே என்று பெயர் பெற்றது. வருங்கால மனைவி சேர்த்து வந்த 'பெஸ்' மிட்டாய் டப்பிகளை மாற்றிக்கொள்வதற்காக அதைத் தொடங்கினார் என்று வெகு நாள் ஒரு காதல் கதை உலவிற்று. அது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். உண்மையில் அங்கே முதலில் விலை போனது ஓர் உடைந்த லேசர் விளக்கு. சொற்பொழிவாளர்கள் திரையில் சுட்டிக் காட்டுவார்களே, அது. உடைந்தது என்று சொல்லியே 1 டாலரில் ஏலம் தொடங்கினார், 14.83 டாலருக்குப் போயிற்று. ஒமிட்யாருக்கே சந்தேகம் வந்து, "இது உடைந்தது என்று தெரியுமல்லவா?" என்று வாங்கினவரைக் கேட்டாராம். உடைந்த லேசர் விளக்குகளைச் சேர்ப்பதுதான் தம் வழக்கம் என்று பதில் வந்தது. எனக்கு அந்த டப்பிக் கதையைவிட இது பிடித்திருக்கிறது. அந்த மகா சந்தையின் முதல் விளம்பரமே தன் குறையைச் சொல்லிக்கொண்ட விளம்பரம்!

சந்தை வளர்ந்ததும் வம்பும் வளர்ந்தது. 1996 பிப்ரவரியில் ஒமிட்யார் ஓர் ஏற்பாடு செய்தார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாரும் பார்க்கும்படி நல்லதோ கெட்டதோ எழுதலாம். ஊர்க்கோடி டீக்கடையில் நடக்கிற விசாரணை கணினிக்கு வந்துவிட்டது. இதற்கு ரொக்கமாக என்ன மதிப்பு என்று சில பேராசிரியர்கள் சோதித்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். பழைய தபால் அட்டைகள் விற்பதில் வெகு நாள் நல்ல பெயர் எடுத்த ஒரு வியாபாரி, ஒரே தரமான அட்டைகளில் பாதியைத் தம் பெயரிலும், மீதியை யாரும் அறியாத புதுப் பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு 8.1 சதவிகிதம் கூடுதலாகக் கிடைத்தது. நல்ல பெயர் என்பது நூற்றுக்கு எட்டு ரூபாய் என்று அறிந்தபோது, இது அதிகமா குறைவா என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கோ அந்தச் சந்தையில் பெயரே கிடையாது. நாவல்களில் எடுத்த பெயர் ரம்ப வியாபாரத்துக்குச் செல்லாது. ஆகவே, பெயருக்குப் பதிலாகப் பொருளே பேச வேண்டும் என்று தீர்மானித்து, மிஷினைச் சாக்கிலிருந்து எடுத்து, பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

ரம்பத்தின் சரித்திரமும் அங்கேதான் எனக்குச் சுவைப்பட ஆரம்பித்தது. சிறு பற்கள் பூட்டிய சங்கிலி, தகட்டைச் சுற்றி ஓடும்படியான கருவியை 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் செய்தார். கையால் சுற்றுவது. மரம் அறுப்பதற்காக அல்ல. மனுஷ எலும்பை அறுப்பதற்காக! மரத்துக்கு வந்தது சுமார் நூறு வருஷம் கழித்து. ஆந்திரேயாஸ் ஷ்டீல் என்பவர் 1926-ல் மின்சார ரம்பம் செய்தார். எமில் லெர்ப் என்பவர் 1927-ல் டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். மலையின் பெயரே கம்பெனிக்கும் ஆயிற்று. அந்த நாள் ரம்பங்களை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் தூக்கும்படியானவை பரவியது 1950 வாக்கில். அதற்குள், அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, விறகு பிளக்கும்போது ஒரு புழுவைப் பார்த்தார். விரல் பருமனுள்ள வண்டுப்புழு. பச்சை மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு வழுவழுவென்று போய்க்கொண்டிருந்தது. அதன் தாடையைப் பார்த்து அவர் வடித்த சங்கிலியை 1947-ல் விற்க ஆரம்பித்தார். இன்றைய ரம்பச் சங்கிலிகளின் பல்லெல்லாம் அந்தப் புழுவின் பல்தான்.

இந்த மிருகத்துக்கு ஒரு துர்க்குணம் உண்டு. தகட்டு முனையின் மேற்பாதி மரத்தில் பட்டுவிட்டால், ரம்பம் அறுக்கிறவன் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். அதைத் தடுக்க 1970-களின் தொடக்கத்தில் பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும். ரம்பம் எகிறும்போது கை அதில் மோதும். சங்கிலி அந்த கணமே நின்றுவிடும்.

என் மருமகனுடைய மிஷினில் அந்தத் தடுப்பு இல்லை. சாய்ந்த மரங்களுக்கு இடையே குனிந்து அறுக்கும்போது இடைஞ்சலாக இருந்தது என்று கழற்றி எறிந்துவிட்டானாம். உள்ளே பிரேக் பட்டையும் அறுந்திருந்தது. அரிசியில் இருந்த கல் இதுதான்.

"2,200 ஆகும் சார்" என்றார் மெக்கானிக்.

மருமகன், "அதையெல்லாம் எழுதாதீங்க மாமா. எத்தனையோ பேர் கழட்டிட்டுத்தான் ஓட்டுறாங்க. வாங்குறவன் வந்து பாத்துக்கட்டும்" என்றான். அன்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். பொய் எழுத வேண்டியதில்லை. எழுதாமல் விட்டால் போதும். கதை எழுதுகிறவனுக்கு எதை விட்டுவிடுவது என்பதும் ஒரு கலைதானே! அக்காவின் வளையல் ஒரு பக்கம். முகம் தெரியாத ஒரு மரவெட்டியின் முகம் ஒரு பக்கம். முகம் தெரியாதது என்று எழுதிவிட்டேனே தவிர, விடிவதற்குள் அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. காலையில் 2,200 ரூபாயை எண்ணி வைத்தேன்.

மெக்கானிக் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். விவரம் தெரிந்தவன் ரம்பத்தின் வெளிப்புறத்தைப் பார்க்கமாட்டான். சைலன்ஸரைக் கழற்றிவிட்டால் புகைத் துவாரத்தின் வழியாகப் பிஸ்டன் தெரியும். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் ஒழுங்காகக் கலந்து ஓட்டியிருந்தால் வழவழப்பாக இருக்கும். ஆயில் இல்லாமல் ஓட்டியிருந்தால் நீளநீளமாகக் கீறல் விழுந்திருக்கும். "இதான் சார் மாட்டுப் பல்லு" என்று அவர் சொன்னபோது, என் மனத்தில் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். பிஸ்டனில் கீறல் இல்லை. அதைப் படம் பிடித்தேன். ஊறிக் கெட்டுப்போன பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். மறுநாள் விடியற்காலை, ஆறிக் கிடந்த மிஷினை மூன்றாவது இழுப்பில் கிளப்புவதைச் சத்தத்தோடு படம் எடுத்தேன்.

இரண்டாவது விளம்பரத்தில் அலங்காரம் கிடையாது. வாங்கிய மாதம், மாடலின் நம்பர், வாங்கிய ரசீது. கஜாவுக்குப் பிறகு சுமார் ஒன்றரை வருஷம் தென்னை அறுத்தது. தென்னந்தண்டு சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கும், ஆகவே சங்கிலி பாதி தேய்ந்தது. தகடு ஒரு பக்கம் தேய்ந்தது. பிரேக் உடைந்திருந்தது, புதிதாகப் போட்டிருக்கிறது, பில் இதோ. விலை 21,000.

இரண்டு நாளில் ஆறு பேர் பேசினார்கள். ஒருவரும் 8,000 என்று சொல்லவில்லை. நிச்சயம் வருவதாகச் சொன்ன இரண்டு பேரையும், விக்ரியை நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கே வரச் சொன்னேன். இருவருக்கும் இன்னொருவர் வருவதையும் சொல்லிவிட்டேன்.

ஒருவர் பட்டுக்கோட்டையிலிருந்து வந்த மரக்கடைக்காரர். மற்றவர் அறந்தாங்கிப் பக்கத்து மரவெட்டி. நாற்பது வயது இருக்கும். கடைக்காரர் மிஷினைக் கிளப்பிச் சத்தம் கேட்டார். மரவெட்டி கிளப்புவதற்கு முன்னால், மணிக்கட்டால் அந்தத் தடுப்பை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, மூன்று தடவை பார்த்தார். சட்டைக் காலருக்குக் கீழே இடது தோளில் பழைய தழும்பு ஒன்று வளைந்து போயிற்று. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது இல்லாத மிஷினுங்க ஐயா, அது" என்றார்.

கடைக்காரர் 17,000-த்தில் ஆரம்பித்தார். 18,000, 18,500, 19,000 என்று வந்து நின்றார். மரவெட்டி 19,500 என்றார். கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அக்கா அரத்தையும் தலைக்கவசத்தையும் தானாகவே எடுத்துவந்து மரவெட்டியிடம் கொடுத்தாள். அவற்றுக்கு நான் தனியாக 600 ரூபாய் கேட்கலாமென்று நினைத்திருந்தேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிஷினை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "அந்த விளம்பரத்தை எழுதினது நீங்கதானுங்களா?"

"ஆமாம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு விட்டுட்டீங்க ஐயா. பெட்ரோல் மூடி கசியுது."

குனிந்து பார்த்தேன். மூடியின் ஓரத்தில் ஈரம் மினுமினுத்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. அவசர அவசரமாகப் பையிலிருந்து 200 ரூபாயை எடுத்தேன்.

"இருக்கட்டுங்க. ஒரு சின்ன வாஷர்தான்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். மறுநாள் திங்கட்கிழமை; பாங்கி திறக்கும் நேரத்துக்கு அக்கா எனக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள்.